டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் போகிறீர்களா? முதல் மூன்று மாதத்துக்கான வழிகாட்டி

கைமாறி வந்த ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை வாங்கி, ஆறு மாதம் என் கண்ணிலும் கையிலும்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது தெளிவாக விழும். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் கேமராவின் ஃபோகஸ் அளவீடே விலகியிருந்தது தெரிந்தது. விற்றவர் சொல்லவில்லை, எனக்குச் சோதித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு மதியத்தில் முடிந்திருக்க வேண்டிய சோதனை அது. அந்த ஆறு மாதத்தில் வீட்டில் எடுத்த படங்களை இனி திரும்ப எடுக்க முடியாது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. நீங்கள் அதே குழியில் விழ வேண்டாம் என்பதற்காக, வாங்குவதில் தொடங்கி தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போவது வரை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேமராவில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸின் பின்புறம் உள்ள வளைவு, கேமராவுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளையைத் தள்ளுகிறது. அந்த உருளை இன்னொரு ஜன்னலில் இருந்து வரும் பிம்பத்தை நகர்த்துகிறது. வியூஃபைண்டரின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலின், நடுவில் உள்ள கட்டத்தில் இரண்டு பிம்பமும் ஒன்றோடொன்று பொருந்தினால் தூரம் சரி என்று அர்த்தம். அதாவது அது ஓர் அளவுகோல், அவ்வளவுதான். அளவுகோல் தவறாக இருந்தால் கட்டத்தில் எல்லாம் அழகாகப் பொருந்தும், படம் மட்டும் மங்கலாக வரும்.

1. நிஜமான ரேஞ்ச்ஃபைண்டர்தானா?

தோற்றத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100, எக்ஸ்-ப்ரோ வரிசைகள் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அவை ஆட்டோஃபோகஸ் கேமராக்கள். ஓடியாடும் குழந்தையைப் படம் எடுப்பதுதான் உங்கள் முதல் தேவை என்றால், தயங்காமல் அதையே வாங்குங்கள். லைகாவின் ரேஞ்ச்ஃபைண்டர் வரிசைக்குரிய எம் பெயரில் இருந்தாலும், லைகா எம் இவி1 மாடலில் மின்னணு வியூஃபைண்டர்தான் உண்டு, ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது.

நிஜமானவை மிகக் குறைவு. 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1, 2006-இல் எம்8 மாடலுடன் தொடங்கிய லைகா டிஜிட்டல் எம் வரிசை, பிரான்சில் தயாராகும் பிக்ஸி. நடைமுறையில் பெரும்பாலானோர் லைகாவில்தான் வந்து நிற்பார்கள், அதனால் மாடல்களைப் பற்றி இரண்டு வார்த்தை.

எம்8: சென்சார் (ஒளியைப் படமாக்கும் தகடு) முழு அளவு, அதாவது 35 மி.மீ. ஃபிலிம் கட்டத்தின் அளவு, கிடையாது, 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 47 மி.மீ. போல நடந்துகொள்ளும். அகச்சிவப்பு ஒளியைச் சரியாகத் தடுக்காததால் கறுப்பு செயற்கை இழைத் துணி ஊதாவாக வரும், ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி ஃபில்டர் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று இறங்குபவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எம்9: 2009-இல் வந்த முதல் முழு அளவு சென்சார் மாடல், 18 மெகாபிக்ஸல். நிறங்களுக்காக இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் இதன் சென்சார் மேல் உள்ள கண்ணாடி ஈரத்தில் அரிக்கும். அதே சென்சார் குடும்பத்தைச் சேர்ந்த முதல் எம் மோனோக்ரோமுக்கும் (கறுப்பு-வெள்ளை மட்டும் எடுக்கும் மாடல்) இந்தப் பிரச்சினை உண்டு. முன்பு மாற்றிக் கொடுத்தார்கள், இப்போது தயாரிப்பாளரிடம் மாற்று சென்சார் இருப்பு தீர்ந்துவிட்டது. சென்சார் மாற்றிய ரசீதை விற்பவர் காட்டாவிட்டால் எம்9 வாங்காதீர்கள் என்பது என் கருத்து.

எம்240: 24 மெகாபிக்ஸல், திரையில் பார்த்து ஃபோகஸ் செய்யும் லைவ்வியூ வசதி உண்டு, பேட்டரி பெரியது, உடம்பு கொஞ்சம் தடிமன். முதல் கேமராவாக இதைத்தான் நான் சொல்வேன், காரணம் 3-ஆவது படியில் புரியும்.

எம்10 (2017) ஒல்லியானது, பேட்டரியும் சின்னது. எம்11 (2022) 60 மெகாபிக்ஸல், உள்ளேயே 64 ஜிபி நினைவகம், பேட்டரிக்காக அடித்தட்டைக் கழற்றும் வேலை இல்லை. பணம் இருந்தால் சரி. ஆனால் 60 மெகாபிக்ஸலில் சின்ன ஃபோகஸ் பிழையும் கைநடுக்கமும் அப்பட்டமாகத் தெரியும், புதிதாகப் பழகுபவருக்கு அது கொஞ்சம் கடுமையான வாத்தியார்.

2. பணம் கொடுப்பதற்கு முன்: காகிதங்களும் கணக்கும்

முழுப் பணத்தையும் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமராவில்) போட்டுவிட்டு லென்ஸுக்குத் திண்டாடுவதுதான் எல்லோரும் செய்வது. கையில் இருப்பதில் பாதிக்கு மேல் பாடிக்குப் போக வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு ஒரே ஒரு நல்ல லென்ஸுக்கு, மிச்சம் சர்வீஸ், இன்னொரு பேட்டரி, கார்டு, வார் ஆகியவற்றுக்கு. சர்வீஸ் பணத்தைத் தொடாமல் வையுங்கள். கைமாறி வந்த கேமராவென்றால் முதல் வருடத்திலேயே அது தேவைப்படும் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

லென்ஸும் லைகாவாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபோக்ட்லேண்டரும் ஸைஸ் இஸட்எம் வரிசையும் அதே மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாயில்) வருகின்றன, விலையும் கணிசமாகக் குறைவு. பழைய 39 மி.மீ. திருகு மவுண்ட் லென்ஸ்களையும் அடாப்டர் போட்டு மாட்டலாம். ஆனால் அடாப்டர் வாங்கும்போது எந்த ஃபிரேம் கோட்டை, அதாவது படத்தின் எல்லையைக் காட்டும் வியூஃபைண்டர் கோட்டை, கொண்டுவரும் என்று பார்த்து வாங்குங்கள். 28/90, 35/135, 50/75 என்று இரண்டிரண்டு லென்ஸ் அளவுக்கான கோடுகளாக மூன்று வகை உண்டு. தவறான வகையை மாட்டினால் 50 மி.மீ. லென்ஸுக்கு 35-இன் கோடு தெரியும், எடுத்த படமெல்லாம் ஓரம் வெட்டுப்பட்டு வரும்.

கேட்டு வாங்க வேண்டியவை: முதல் பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் செய்த ரசீதுகள், வரிசை எண் தெளிவாகத் தெரியும் படம். பில்லில் உள்ள எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நேரில் ஒப்பிடுங்கள். அதே எண் திருட்டுப் போன கேமரா என்று எங்காவது பதிவாகியிருக்கிறதா என்றும் தேடுங்கள். வாங்கிய அன்றே பாடி, லென்ஸ் இரண்டின் வரிசை எண்களையும் படம் எடுத்து பில்லோடு ஒரே இடத்தில் சேமித்துவிடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். வெளிநாட்டுப் பயணம் முடிந்து திரும்பும்போது சுங்கத்தில் "இது ஏற்கெனவே என்னுடையது" என்று காட்டவும் அதுதான் உதவும். இன்சூரன்ஸில் நீங்கள் வாங்கிய விலை கிடைக்குமா, இன்று அதே பொருளை வாங்க ஆகும் விலை கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பிக் கொடுக்கும் அவகாசம். குறைந்தது ஒரு வாரம், எழுத்தில். தர மறுத்தால் வேறு கேமரா பாருங்கள்.

3. முதல் இரண்டு நாள்: சோதனை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும். நான் செய்த தவறே இதுதான், பெட்டியைப் பிரித்ததும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

முதலில் தொலைதூரம். லென்ஸை முடிவிலிக் குறி வரை, இனித் திரும்பாது என்னும் அளவுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ நடுக்கட்டத்தில் பாருங்கள். இரவில் நிலா இன்னும் நல்லது. இரண்டு பிம்பமும் ஒன்றாக விழ வேண்டும். பக்கவாட்டில் பிரிந்து தெரிந்தால் அளவீடு விலகியிருக்கிறது. மேலும் கீழுமாகப் பிரிந்தால் அது வேறு கோளாறு, தூரத்தைப் பெரிதாகப் பாதிக்காது, ஆனால் பொருத்திப் பார்க்கும்போது கண் அலுத்துவிடும். அதையும் சர்வீஸில்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து பக்கத்துத் தூரம். கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். ஒரு மீட்டர் தொலைவில் ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, நடுவில் ஒரு கோட்டைக் குறியுங்கள். அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப் எண் சின்னதானால் துளை பெரிது) முழுதாகத் திறந்து, அந்தக் கோட்டுக்கு ஃபோகஸ் செய்து எடுங்கள். பிறகு லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கலைத்துவிட்டு மறுபடி ஃபோகஸ் செய்து எடுங்கள். இப்படிப் பத்து தடவை. ஐந்து முறை தொலைவில் இருந்து பக்கத்துக்குத் திருப்பியும், ஐந்து முறை பக்கத்தில் இருந்து தொலைவுக்குத் திருப்பியும் செய்யுங்கள். லைவ்வியூ இருந்தால் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து இன்னும் இரண்டு படம். எம்240-ஐ முதல் கேமராவாகச் சொன்னது இதற்காகத்தான், எது உண்மை என்று கேமராவே காட்டிவிடும்.

இப்போது கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

பத்தும் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு விலகியிருந்தால் கோளாறு பாடியிலோ லென்ஸிலோ இருக்கிறது. இன்னொரு லென்ஸை இரவல் வாங்கியாவது அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு லென்ஸும் ஒரே மாதிரி விலகினால் பாடி, ஒன்று மட்டும் விலகினால் அந்த லென்ஸ். பத்தும் பத்து இடத்தில் விழுந்தால் உங்கள் கண்ணையோ பொருத்தும் முறையையோ பாருங்கள், 5-ஆவது படியில் சொல்கிறேன். ட்ரைபாடில் எல்லாம் சரியாக இருந்து, கையில் எடுக்கும்போது மட்டும் தவறினால் உங்கள் உடம்பு ஆடுகிறது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால் முன்னும் பின்னும் சேர்த்து மொத்தத் தெளிவே சுமார் 3 செ.மீ.தான். ஃபோகஸ் செய்துவிட்டு லேசாக முன்னால் சாய்ந்தாலே போய்விடும்.

இன்னொரு பொறி உண்டு. முழுதாகத் திறந்தால் சரியாக இருக்கும், எஃப் 2.8-க்கோ 4-க்கோ மூடினால் தெளிவு பின்னால் நகரும். இது பழுது இல்லை, சில லென்ஸ்களின் சுபாவமே அப்படி. ஸைஸ் சி சோனார் 50 மி.மீ. எஃப் 1.5 இதற்குப் பேர் போனது. லென்ஸ் வழியாகப் பார்க்கும் கேமராவில் இதைக் கண்டுபிடித்துவிடலாம், இங்கே நடுக்கட்டத்துக்கு அப்பர்ச்சர் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆகவே உங்கள் லென்ஸை ஒவ்வொரு அப்பர்ச்சரிலும் ஒரு தடவை சோதித்து, எங்கே நகர்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக சென்சார். எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு வெளிர் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் தூசி, துடைத்தால் போகும். எம்9-இல் சுற்றி வளையம் போட்ட மாதிரி புள்ளிகள் தெரிந்து, துடைத்த பின்னும் போகவில்லை என்றால் அது அரிப்பு. அன்றே திருப்பிக் கொடுங்கள்.

4. சர்வீஸுக்கு அனுப்புவது

உள்ளே இருக்கும் உருளையை நாமே சின்னத் திருகி வைத்துத் திருப்பிச் சரிசெய்வது எப்படி என்று சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். செய்யாதீர்கள். தொலைதூரத்துக்கு ஒரு திருத்தம், பக்கத்துத் தூரத்துக்கு வேறு திருத்தம். ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்றைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

அனுப்பும்போது பாடியோடு லென்ஸையும் சேர்த்து அனுப்புங்கள். விலகிய லென்ஸுக்கு ஏற்ப பாடியை வளைத்துக் கொடுக்கச் சொல்லவே கூடாது, அடுத்த லென்ஸ் வாங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். இரண்டையும் தனித்தனியே தயாரிப்பாளரின் அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த அளவுகோல் படங்களில் மூன்றை அச்செடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். "ஃபோகஸ் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பரிசோதித்துவிட்டுக் குறை ஒன்றும் இல்லை என்று திரும்பி வரும், எனக்கு ஒருமுறை அப்படித்தான் வந்தது, அனுப்பும் செலவும் ஐந்து வாரமும் வீண்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்காமல் வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். எத்தனை வாரம் ஆகும், செய்த வேலைக்கு எத்தனை மாதப் பொறுப்பு, கொண்டு போகும் வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் கேளுங்கள். வாரக்கணக்கில் ஆகும், சில நேரம் மாதக்கணக்கில். கல்யாணம், பயணம் எதுவும் இல்லாத காலமாகப் பார்த்து அனுப்புங்கள்.

5. கண்ணுக்குப் பொருத்துவது

லைகா எம் வியூஃபைண்டர் மைனஸ் 0.5 டயாப்டருக்கு (கண்ணாடியின் பவர் அளவு) அமைக்கப்பட்டது. திருப்பிச் சரிசெய்யும் சக்கரம் கிடையாது. கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு பார்க்கலாம், ஆனால் 28 மி.மீ. ஃபிரேம் கோடு ஓரத்தில் மறைந்துவிடும். கண்ணாடி இல்லாமல் பார்க்க விரும்பினால் அதற்கென்றே திருகிப் போடும் சின்னத் திருத்த லென்ஸ் உண்டு. வாங்குவதற்கு முன் கண் பரிசோதனை செய்பவரிடம் போய், பல எண்களைக் கண்முன் பிடித்து கேமராவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஊகத்தில் வாங்கி இரண்டு முறை மாற்றியவன் நான்.

நடுக்கட்டம் மங்கலாகத் தெரிந்தால் பழுது என்று பயப்படுவதற்கு முன் முன்பக்கத்து இரண்டு ஜன்னல்களையும் துடையுங்கள். விரல் ரேகை படிந்தால் பொருத்தவே முடியாது. இடது கை விரலும் வாரும் இரண்டாவது பிம்பம் வரும் சின்ன ஜன்னலை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மூடி போட்டிருந்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்பதை மறக்கவே வேண்டாம். நான் மூடியைப் பையிலேயே விட்டுவிடுகிறேன், லென்ஸ் முன்னால் ஹூட் (வெயில் மறைப்பு) மட்டும்.

ஃபிரேம் கோடு துல்லியமானது அல்ல. எம்9-இல் ஒரு மீட்டர் தூரத்துக்கும், எம்240, எம்10 மாடல்களில் இரண்டு மீட்டருக்கும் பொருந்துமாறு வரைந்திருக்கிறார்கள். அதைவிடத் தூரத்தில் எடுத்தால் கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் படத்தில் வரும். ஓரத்தைச் செதுக்கி எடுப்பவர்களுக்கு இது எரிச்சல் தரும், சில வாரத்தில் கண் பழகிவிடும். 0.7 மீட்டருக்கு உள்ளே ரேஞ்ச்ஃபைண்டர் அளக்காது, அதற்குள் போகும் லென்ஸ் இருந்தால் லைவ்வியூதான் வழி. 90 மி.மீ. லென்ஸுக்கு மேல் போவதை முதல் வருடம் நினைக்கவே வேண்டாம்.

6. தினசரிப் பழக்கம்: கேமரா கண்ணுக்கு வருமுன்

ஒரு லென்ஸ், மூன்று மாதம். 35 என்றால் 35. லென்ஸை மாற்றிக்கொண்டே இருந்தால் வளையத்தின் எந்த இடம் எந்தத் தூரம் என்று விரலுக்குப் பதியாது, அது பதிந்தால்தான் இந்தக் கேமரா வேகமாகும். பல லென்ஸ்களில் விரல் வைக்க ஒரு சின்னப் பிடி இருக்கும். அது நேர் கீழே இருந்தால் எத்தனை மீட்டர், இடது ஓரத்தில் எத்தனை, வலது ஓரத்தில் எத்தனை என்று மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். தெருவில் நடக்கும்போது எதிரே வருபவர் எத்தனை மீட்டரில் இருக்கிறார் என்று ஊகித்து, பிடியை அங்கே கொண்டுபோய், பிறகு கேமராவைத் தூக்கிச் சரிபாருங்கள். ஒரு மாதம் செய்தால் போதும், நடுக்கட்டத்தில் பெரிதாகத் திருத்த ஒன்றும் இருக்காது.

பகல் வெளிச்சத்தில் ஃபோகஸே செய்யாமல் எடுக்கலாம். 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, 3 மீட்டரில் வைத்தால் சுமார் 1.9 முதல் 7.3 மீட்டர் வரை தெளிவு என்று பழைய கணக்கு சொல்லும். லென்ஸ் மேல் பொறித்த அளவுக்கோடுகளும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆனால் அது ஃபிலிமுக்குப் போட்ட கணக்கு. இன்றைய சென்சாரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரங்கள் மெத்தென்று இருக்கும். எஃப் 8 வைத்துவிட்டு 5.6-இன் கோடுகளை நம்புங்கள், அதாவது சுமார் 2.1 முதல் 5 மீட்டர்.

ஷட்டர் வேகத்திலும் பழைய விதி போதாது. 35 மி.மீ. என்றால் 1/35 வினாடி போதும் என்பார்கள், டிஜிட்டலில் ஆட்கள் நடமாடும் இடத்தில் 1/250-க்குக் கீழே போகாதீர்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ-வில் (ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் அமைப்பு) குறைந்தபட்ச வேகத்தை இப்படி வைத்துவிட்டால் அதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டாம். எம்9-இல் ஐஎஸ்ஓ 800-க்கு மேல் போகும்போது மட்டும் யோசியுங்கள். வெளிச்சமான பகுதி வெளுத்துப் போனால் எந்த மென்பொருளும் மீட்காது, நிழலை ஓரளவு மீட்கலாம், அதனால் வெயிலில் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) ஒரு படியில் மூன்றில் ஒரு பங்கோ மூன்றில் இரண்டு பங்கோ குறைத்தே வையுங்கள்.

7. பேட்டரி, கார்டு, தூசி, ஈரம்

எம்10-இன் பேட்டரி தர அளவீட்டின்படி சுமார் 210 படம், எம்11-இல் சுமார் 700. எம்10 வைத்திருப்பவர் இன்னொரு பேட்டரி இல்லாமல் வெளியே போகக் கூடாது. எம்8 முதல் எம்10 வரை பேட்டரியும் கார்டும் அடித்தட்டுக்குள் இருக்கும், ட்ரைபாடில் மாட்டியிருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். எம்11-இல் இந்தத் தொல்லை இல்லை, யுஎஸ்பி-சி வழியாகவே சார்ஜ் ஏறும். எம்9 கார்டு விஷயத்தில் முரண்டு பிடிக்கும். 32 ஜிபி-க்கு மேல் போடாதீர்கள், வேகமான புதிய கார்டு தேடவும் வேண்டாம், போட்ட கார்டை கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

சென்சார் தூசியை உதறும் வசதி இதில் இல்லை. மாதம் ஒரு முறை எஃப் 16 சோதனை, தூசி இருந்தால் ஊதும் பந்து, அதற்கும் போகாவிட்டால்தான் ஈரத் துடைப்பான். சுத்தம் செய்ய ஷட்டரைத் திறக்கும் மெனு உண்டு. பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள், பாதியில் தீர்ந்தால் ஷட்டர் உங்கள் துடைப்பான் மேல் மூடும்.

எம் லென்ஸ்களுக்கு மவுண்டில் நீர் தடுப்பு ரப்பர் கிடையாது. பாடியில் என்ன தடுப்பு இருந்தாலும் மழையில் நனைய விடாதீர்கள். ஈரக்காற்று அதிகமுள்ள இடத்தில் இருந்தால் லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைப்பதைவிட சிலிக்கா ஜெல் போட்ட டப்பா நல்லது, இல்லாவிட்டால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும்.

தொலைதூரச் சோதனையை மாதாமாதம் செய்யுங்கள், அரை நிமிட வேலை. கேமரா கீழே விழுந்தாலோ வண்டியில் நீண்ட நேரம் குலுங்கி வந்தாலோ அன்றே செய்யுங்கள். நான் அதைத் தூசி சோதனையோடு ஒரே நாளில் வைத்துக்கொண்டு, முடிவைத் தேதியோடு நோட்டில் குறித்துவிடுகிறேன். போன முறை சர்வீஸுக்கு அனுப்பியபோது, எந்த மாதம் விலகத் தொடங்கியது என்று அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.